செடி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது: வாசகர் கேள்வி–பதில்

தாவரங்களுக்கும் அவை வளரும் சூழலுக்கும் உள்ள உறவைப் புள்ளியியல் வழியாக ஆராய்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை அளிக்கப்படுகிறது. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சில கடிதங்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஒவ்வொரு செடியினத்தையும் தனித்தனியே எடுத்து, மண்ணின் ஈரத்தோடு அதற்கு உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டால் போதாதா? 'ஆர்டினேஷன்' என்ற சுற்றுவழி எதற்கு?
– தாவரவியல் முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: ஓர் இனத்தைப் பற்றி மட்டும் அறிய வேண்டுமானால் உங்கள் வழியே நேர்வழி, அதற்கு நல்ல பின்னடைவுச் சமன்பாடு (ஒரு மாறியைக் கொண்டு மற்றொன்றைக் கணிக்கும் சமன்பாடு) ஒன்று போதும். ஆனால் வயலில் இறங்கி ஒரு சதுரச் சட்டத்தை வைத்தால் அதற்குள் ஓர் இனம் மட்டும் இருப்பதில்லை. நெதர்லாந்தின் வட கடலோரத்தில் டெர்ஷெல்லிங் என்னும் தீவு உள்ளது. அங்கே மணற்குன்றுகளை ஒட்டிய புல்வெளிகளில் 20 சதுரங்களில் எடுத்த பதிவு இத்துறையில் ஏறக்குறைய அரிச்சுவடி போல ஆகிவிட்டது. ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளின் வீகன் தொகுப்பை நிறுவினால் அந்தப் பதிவும் கூடவே வரும். அதில் 30 இனங்கள் உள்ளன. ஒவ்வோர் இனத்தின் மிகுதியும் 1 முதல் 9 வரை மதிப்பிடப்பட்டிருக்கிறது. இல்லாத இடத்தில் சுழியம். அவற்றோடு மேல்மண்ணின் தடிப்பு, ஈரநிலை, எரு இட்ட அளவு, நிலத்தைப் பேணிய முறை ஆகியவையும் குறிக்கப்பட்டுள்ளன. இனத்துக்கு ஒன்று, மாறிக்கு ஒன்று என்று ஒட்டுறவுகளைக் கணக்கிட்டுக்கொண்டு போனால் நூற்றுக்கு மேற்பட்ட எண்கள் கையில் சேரும். அவற்றுள் ஐந்தாறு தற்செயலாகவே 'முக்கியமானவை' என்று தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் புல்வெளி எப்படி மாறுகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

ஆர்டினேஷன் செய்வது எளிய ஒன்றுதான்: இனக்கலவை ஒத்திருக்கும் சதுரங்களை அருகருகேயும், ஒவ்வாதவற்றைத் தொலைவிலும் வைத்து, இரண்டு மூன்று அச்சுகளில் அடுக்கிக் காட்டுகிறது. டேவிட் குடால் 1954-இல் ஆஸ்திரேலியாவின் மாலீ எனப்படும் யூக்கலிப்டஸ் புதர்க்காடுகளின் தரவுக்கு, இவ்வகை முறைகளில் ஒன்றான முதன்மைக் கூறு பகுப்பாய்வைப் பயன்படுத்தியபோது 'ஆர்டினேஷன்' என்ற சொல்லையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். டெர்ஷெல்லிங் தரவைக் கரஸ்பாண்டன்ஸ் பகுப்பாய்வு என்னும் மற்றோர் ஆர்டினேஷன் முறைக்கு உட்படுத்தினால் முதல் அச்சு மொத்த வேறுபாட்டில் சுமார் 25 விழுக்காட்டையும் இரண்டாவது சுமார் 19 விழுக்காட்டையும் பிடித்துக்கொள்கின்றன. மீதி 56 விழுக்காடு எங்கே போயிற்று என்று பதறத் தேவையில்லை. விதை விழுந்த இடம், மாட்டின் குளம்பு பட்ட இடம், பதிவு செய்தவரின் கண் மதிப்பீடு என்று புல்வெளியில் இரைச்சலுக்குக் குறைவில்லை. அதற்கிடையே இரண்டே அச்சுகள் 44 விழுக்காட்டைச் சொல்வது நல்ல விளைச்சல்தான்.

கேள்வி: இரண்டு சதுரங்கள் எவ்வளவு 'ஒவ்வாதவை' என்பதை எண்ணாக்குவது எப்படி? பள்ளியில் படித்த தொலைவு வாய்பாடு இங்கே ஏன் ஆகாது?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அதே டெர்ஷெல்லிங் தரவின் முதல் இரண்டு சதுரங்களை எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். முதல் சதுரத்தில் ஐந்தே இனங்கள்: லோலியம் பெரென்னே என்னும் ரைகிராஸ் 7, எலைமஸ் ரெபன்ஸ் 4, போவா பிராட்டென்சிஸ் 4, போவா டிரிவியாலிஸ் 2, அக்கிலியா 1, கூட்டினால் 18. இரண்டாவதில் இந்த ஐந்தும் முறையே 5, 4, 4, 7, 3 என்று இருப்பதோடு வெண்குளோவர் உள்ளிட்ட வேறு ஐந்து இனங்களும் உள்ளன, மொத்தம் 42. இரண்டுக்கும் பொதுவான பங்கைக் காண, ஒவ்வோர் இனத்திலும் சிறிய எண்ணை எடுத்துக் கூட்ட வேண்டும்: 5, 4, 4, 2, 1 ஆக 16. அதை இரட்டித்து 32 ஆக்கி, இரு சதுரங்களின் மொத்தமான 60-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.467 வரும். இதுதான் பிரே–கர்ட்டிஸ் ஒவ்வாமை. 1957-இல் விஸ்கான்சின் காடுகளைப் பற்றி எழுதிய இருவரின் பெயரால் வழங்குகிறது. முற்றிலும் ஒன்றாக இருந்தால் 0. ஓர் இனம்கூடப் பொதுவில்லை என்றால் 1.

பள்ளி வாய்பாட்டின் குறை சுழியத்தில் இருக்கிறது. கற்பனையாக மூன்று இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் கோரை 6, அருகு 9. இரண்டாமிடத்தில் கோரை 2, அருகு 3. மூன்றாமிடத்தில் இவை இரண்டுமே இல்லை, எருக்கு மட்டும் 1. யூக்ளிடின் தொலைவுப்படி முதலிரண்டுக்கும் இடையே 7.2, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 3.7. ஒரே கலவையில் அளவு மட்டும் குறைந்த இடம் தொலைவாகவும், ஒரு செடிகூட ஒத்துப்போகாத இடம் பக்கத்து வீடாகவும் ஆகிவிடுகிறது. பிரே–கர்ட்டிஸ் கணக்கில் முதலிரண்டின் ஒவ்வாமை 0.5, பின்னிரண்டின் ஒவ்வாமை 1. ஒரு செடி இரு இடத்திலும் இருக்கிறது என்றால் அது ஒற்றுமை. இரு இடத்திலும் இல்லை என்றால் அது எதையும் சொல்வதில்லை, ஏனெனில் ஓரிடம் அதற்கு அளவுக்கு மீறி வறண்டும் மற்றோரிடம் அளவுக்கு மீறி ஈரமாகவும் இருந்திருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரியவைத்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கேள்வி: ஆற்றுப்படுகையிலிருந்து மேட்டுநிலம் வரை ஒரே நேர்கோட்டில் எடுத்த சதுரங்களை முதன்மைக் கூறு பகுப்பாய்வில் இட்டேன். படத்தில் புள்ளிகள் குதிரை லாடம் போல வளைந்து நிற்கின்றன. இரண்டாவது அச்சுக்கு என்ன பொருள் சொல்வது?
– ஆய்வு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: பொருள் சொல்லாதீர்கள். அந்த வளைவு நிலத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. முதன்மைக் கூறு பகுப்பாய்வு ஒவ்வோர் இனமும் சூழலுக்கு ஏற்ப நேர்கோட்டில் கூடும் அல்லது குறையும் என்று எண்ணிக்கொள்கிறது. உண்மையில், நீண்ட சரிவொன்றில் ஓர் இனம் ஓரிடத்தில் தலைகாட்டி, நடுவில் செழித்து, அப்பால் மறைகிறது. அதன் வரைபடம் மலைமுகடு போன்றது. இப்படி முகடுகள் அடுத்தடுத்து வரும்போது படுகை முனையிலும் மேட்டு முனையிலும் உள்ள சதுரங்களுக்குப் பொதுவான இனமே இருக்காது. பொதுவாக இல்லாத சுழியங்களையே ஒற்றுமை என்று எடுத்துக்கொண்டு கணக்கு இரு முனைகளையும் உள்நோக்கி வளைத்துவிடுகிறது.

கரஸ்பாண்டன்ஸ் பகுப்பாய்வு முகடு வடிவத்தை ஏற்பதால் வளைவு ஓரளவு குறையும், முற்றிலும் போகாது. அதை நீக்க ஹில், காஹ் ஆகிய இருவர் 1980-இல் அச்சைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தட்டி நேராக்கும் முறையைக் கொண்டுவந்தனர். அது டீசிஏ எனப்படுகிறது. பள்ளமான தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது போன்ற வேலை அது. நிமிரும், ஆனால் உண்மையாகவே இரண்டாவது அச்சில் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து நசுங்கிவிடும். ஆகவே அடுக்கிக் காட்டும் வேலைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எனினும் அதன் முதல் அச்சின் நீளத்தைப் பார்ப்பதில் ஒரு பயன் உண்டு: நீளம் 4-க்கு மேல் என்றால் இனங்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் அறவே மாறிவிட்டன, முகடு வடிவ முறைகளை நாட வேண்டும்; 3-க்குக் கீழ் என்றால் நேர்கோட்டு முறைகளும் ஒத்துவரும். படம் மட்டும் வேண்டுமானால், பிரே–கர்ட்டிஸ் ஒவ்வாமையின் தரவரிசையை மட்டும் காப்பாற்றி அடுக்கும் என்எம்டிஎஸ் முறையைக் கையாளுங்கள்; அதில் 'ஸ்ட்ரெஸ்' என்று ஓர் எண் வரும், 0.2-ஐத் தாண்டினால் படத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதிக் காடுகளில் கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரமும் மழையளவும்தான் மரங்களைத் தீர்மானிக்கின்றன என்று அறிக்கைகளில் எழுதுகிறோம். இவற்றுள் எது உண்மையான காரணம் என்று புள்ளியியல் சொல்லுமா?
– வனத்துறை ஊழியர், கூடலூர்

பதில்: உயரம் எந்த மரத்தையும் வளர்த்ததுமில்லை, கொன்றதுமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது, மேகம் படிகிறது, மண் மாறுகிறது. மரம் அறிந்தது இவற்றைத்தான். ராபர்ட் விட்டேக்கர் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளைப் பற்றி 1956-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அச்சில் உயரத்தையும் மற்றோர் அச்சில் ஈரத்தையும் வைத்து ஒவ்வொரு மரத்தின் பரவலையும் வரைந்து காட்டினார். காடு என்பது ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வளரும் ஓருடல் என்று அமெரிக்கச் சூழலியலாளர் கிளெமென்ட்ஸ் சொல்லிவந்த கருத்துக்கு அந்தப் படங்கள் இடம் தரவில்லை. ஒவ்வோர் இனமும் தனக்கென ஓரிடத்தில் தொடங்கித் தனக்கென ஓரிடத்தில் முடிந்தது. மற்றொரு தாவரவியலாளரான கிளீசன் 1926-இலேயே இதைச் சொல்லியிருந்தார், கேட்பாரில்லை. ஆனால் உயரத்தைக் காரணம் என்று விட்டேக்கர் கொள்ளவில்லை. பல காரணங்கள் சேர்ந்து மாறும் கூட்டுச் சரிவு என்றே கொண்டார்.

உங்கள் பக்கத்து முதுமலைக் காட்டில் சிக்கல் இன்னும் கடினமானது. மேற்கே ஈர இலையுதிர் காடு, நடுவில் வறண்ட இலையுதிர் காடு, கிழக்கே முட்புதர் என்று மழை குறையும் வரிசையிலேயே காடும் மாறுகிறது. ஆனால் காட்டுத்தீயும் அந்த வரிசையில் ஒரே சீராக இல்லை. உயரமான புல் மண்டிய வறண்ட இலையுதிர் காட்டில் அது மிகுதி. தீ காட்டை மாற்றுகிறது, காடு தீயை அழைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உருவாக்கும்போது ஒன்றைக் 'காரணம்' என்ற கட்டத்திலும் மற்றதை 'விளைவு' என்ற கட்டத்திலும் போட்டுக் கணக்கிட்டால் கணக்கு மறுக்காது; விடையும் தரும். அந்த விடையை நம்புவதுதான் தவறு.

வேறுபாட்டைப் பங்கிடும் முறை 1992 முதல் புழக்கத்தில் உள்ளது. மழையால் மட்டும் விளங்குவது, தீயால் மட்டும் விளங்குவது, இரண்டுக்கும் பொதுவாக விளங்குவது என்று அது பிரித்துத் தரும். பொதுப்பங்கு பெரிதாக வந்தால், அதை யார் கணக்கில் எழுதுவது என்பதை எந்த மென்பொருளும் தீர்த்துவைக்காது. டெர்ஷெல்லிங்கில் இதைக் கண்ணாலேயே காணலாம். மிக ஈரமான ஏழு சதுரங்களில் ஆறில் ரைகிராஸ் இல்லை. ஈரம் ஆகாது என்று எழுதிவிடலாமா? அந்த ஏழில் நான்கு, எருவே இடாமல் இயற்கைப் பாதுகாப்புக்கென விடப்பட்டவை. அப்படி விடப்பட்ட ஆறு சதுரங்களில் வறண்ட ஒன்றில் மட்டுமே ரைகிராஸ் சிறிதளவு காணப்படுகிறது. விரட்டியது ஈரமா, எருவின்மையா என்று இந்த 20 சதுரங்களை வைத்துச் சொல்லவே முடியாது. அதே தரவில் எலியோகாரிஸ் என்னும் கோரை ஐந்து சதுரங்களில் உள்ளது. ஐந்தும் மிக ஈரமானவை, ஆனால் மூன்று பாதுகாப்பு நிலம், ஒன்று பொழுதுபோக்குப் பண்ணை, ஒன்று வழக்கமான பண்ணை. நிலத்தைப் பேணிய முறை எதுவானாலும் ஈரம் இருந்த இடத்தில்தான் அது நின்றிருக்கிறது. ஆகவே கோரையைப் பற்றித் துணிந்து சொல்லலாம். ரைகிராஸுக்கு, ஈரமாகவும் எருவிட்டும் இருக்கும் நிலங்களை இன்னும் பல தேடிப் போய்ச் சட்டத்தை வைக்க வேண்டும்.

கேள்வி: 20 சதுரங்கள், மண்ணில் 12 மாறிகள் கொண்டு ஆர்டிஏ (இனக்கலவையைச் சூழல் மாறிகளால் விளக்கும் ஆர்டினேஷன்) செய்தேன். இனக்கலவை வேறுபாட்டில் 68 விழுக்காடு விளங்குகிறது, பி-மதிப்பு 0.04. நெறியாளர் மகிழ்ச்சியில் இருக்கிறார். எனக்கு மட்டும் ஏனோ உறுத்துகிறது.
– முனைவர் பட்ட மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உறுத்தல் சரியானது. மண்ணை அளக்காமல், பழைய தொலைபேசிப் புத்தகத்திலிருந்து கடைசி எண்களை எடுத்து 12 வரிசைகளில் நிரப்பியிருந்தாலும் சராசரியாக 12-ஐ 19-ஆல் வகுத்த அளவு, அதாவது 63 விழுக்காடு, 'விளங்கியிருக்கும்'. மாறிகளின் எண்ணிக்கையை, சதுரங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுத்தால் வெறும் தற்செயல் தரும் விழுக்காடு கிடைத்துவிடும். அதைக் கழித்துத் திருத்திய அளவையே அறிக்கையில் தர வேண்டும்: விளங்காத 0.32-ஐ 19-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.13. உங்கள் 68 விழுக்காடு உண்மையில் 13 விழுக்காடு. நானும் இளமையில் 18 சதுரங்களுக்கு 11 மாறிகளை வைத்து 70 விழுக்காடு கண்டதாக ஒரு கட்டுரை அனுப்பினேன். மதிப்பீட்டாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார். அன்று அவர் மீது வந்த கோபம் தணிய இரண்டு ஆண்டுகள் ஆயின, கணக்கைப் புரிந்துகொள்ள அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

பி-மதிப்பைப் பற்றியும் ஒன்று. இங்கே அது அட்டவணையிலிருந்து வருவதில்லை. சூழல் அளவுகளைச் சதுரங்களுக்கிடையே சீட்டுக்கட்டு போலக் கலைத்துப்போட்டு, 999 முறை மறுபடி கணக்கிட்டு, உண்மை வரிசையை விட வலுவான உறவு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதால் வருகிறது. எந்தச் சதுரமும் எந்தச் சதுரத்தோடும் இடம் மாறலாம் என்பது இதன் அடிப்படை. உங்கள் 20 சதுரங்களும் நான்கு தோட்டங்களில் ஐந்தைந்தாக எடுக்கப்பட்டவை என்றால் அந்த அடிப்படை செல்லாது. அண்டைச் சதுரங்கள் ஒன்றுபோல இருப்பது இயல்பு. தோட்ட எல்லைக்குள் மட்டும் கலைக்குமாறு கட்டளையிட வேண்டும். ஒரு தோட்டம் முழுவதற்கும் ஒரே மதிப்புள்ள மாறியானால், உங்களிடம் உள்ள சான்று 20 அன்று, 4 தான்.

இப்போது செய்யக்கூடியது: கார்பன், நைட்ரஜன் போல ஒன்றையொன்று ஒட்டிவரும் மாறிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, செடிக்கு நேரடியாகப் படும் மூன்று நான்கை, முடிவைப் பார்த்தல்ல, உயிரியலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நெறியாளரிடம் 13 என்ற எண்ணைச் சொல்லும் நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த முறைகளில் இந்தியர் பங்கு ஏதேனும் உண்டா?
– ஓய்வுபெற்ற அலுவலர், மதுரை

பதில்: மேலே சொன்ன ஆர்டிஏவின் கணித அடித்தளத்தை இந்தியப் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 1964-இல் 'சங்க்யா' இதழில் வெளியிட்டார். தாவரங்களை எண்ணி அவர் அதைச் செய்யவில்லை. முகடு வடிவத்துக்கு ஏற்ற அதன் உடன்பிறப்பான சிசிஏவை நெதர்லாந்தின் தெர் பிராக் 1986-இல் தந்த பிறகே இரண்டும் தாவரச் சூழலியலாளர்களின் அன்றாடக் கருவிகளாயின.

கேள்வி: ஐரோப்பாவில் ஒவ்வொரு செடிக்கும் ஈரம், ஒளி, நைட்ரஜன் ஆகியவற்றுக்கு மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கிறார்களாமே! மண்ணை அளக்க வசதியில்லாத எங்களைப் போன்றோர் அந்த மதிப்பெண்களைக் கொண்டே சூழலைக் கணிக்கலாமா?
– இயற்கை ஆர்வலர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஹைன்ஸ் எல்லன்பெர்க் 1974-இல் வெளியிட்ட சுட்டு மதிப்புகள். நடு ஐரோப்பியச் செடிகளுக்கு 1 முதல் 9 வரை, ஈரத்துக்கு மட்டும் 12 வரை. ஒரு சதுரத்தில் உள்ள செடிகளின் ஈர மதிப்பெண்களைச் சராசரி எடுத்தால் அந்த இடத்தின் ஈரம் ஓரளவு தெரியும். அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது.

அதில் ஒரு கண்ணி உண்டு. இனப்பட்டியலிலிருந்து வந்த சராசரியை, அதே இனப்பட்டியலிலிருந்து வந்த ஆர்டினேஷன் அச்சோடு ஒப்பிட்டால் உறவு வலுவாக வராமல் எப்படி இருக்கும்? மதிப்பெண்களைச் செடிகளுக்கிடையே தாறுமாறாக மாற்றிப் போட்டாலும் 'முக்கியம்' என்று அடிக்கடி விடை வருவதை 2012-இல் செலெனி, ஷாஃபர்ஸ் ஆகியோர் எடுத்துக்காட்டினர். சோதிப்பதானால் சதுரங்களைக் கலைக்காமல், மதிப்பெண்களைச் செடிகளுக்கிடையே கலைத்துச் சோதிக்க வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. அந்த மதிப்பெண் செடியின் விருப்பத்தைக் குறிப்பதில்லை. 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹோகன்ஹைமில் எல்லன்பெர்க், நிலத்தடி நீர் ஒருபுறம் ஆழத்திலும் மறுபுறம் மேலேயும் இருக்குமாறு சாய்வான பாத்திகளை அமைத்துப் புற்களை விதைத்தார். தனித்தனியே விதைத்தபோது அவை பெரும்பாலும் நடுத்தர ஈரத்திலேயே செழித்தன. கலந்து விதைத்தபோது, புரோமஸ் எரெக்டஸ் வறண்ட முனைக்கும் அலோபெக்யூரஸ் ஈர முனைக்கும் தள்ளப்பட்டன. அண்டை வீட்டார் யார் என்பதைப் பொறுத்து இடம் மாறுகிறது. ஐரோப்பாவிலும் வளரும் அருகம்புல்லுக்கு அங்கே கிடைத்த எண்ணை, வேறு அண்டை வீட்டார் சூழ்ந்த யாழ்ப்பாணத்து மண்ணுக்குக் கொண்டுவர முடியாததற்கு அதுவே காரணம்.

மண் ஆய்வுக்கூடம் இல்லாவிட்டால் குறையில்லை. ஒவ்வொரு சதுரத்தின் ஓரத்திலும் பக்கங்களில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் புதைத்து, நூலில் கட்டிய சிறு குண்டு ஒன்றை மாதம் ஒருமுறை உள்ளே இறக்கி, நூலில் எவ்வளவு நீளம் நனையாமல் இருக்கிறது என்பதை அளவுநாடாவால் குறித்துவையுங்கள். பாறை தட்டி நீர் எட்டாத இடத்தில், மண்ணின் ஆழத்தையே எழுதுங்கள். மாரியும் கோடையும் சேர்ந்த 12 குறிப்புகள் கிடைத்ததும் அவற்றை இனப்பட்டியலோடு அனுப்பினால், மேலே சொன்ன கணக்குகளை இந்தப் பகுதியிலேயே உங்களுக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.